எங்கள் வீட்டுச் சிறியாநங்கை கசக்கவில்லை

"கசக்கும்டி. வாயில வைக்க முடியாது" என்றாள் என் லேப் தோழி.

"கசக்காது" என்றேன் நான்.

"பெட்டா?"

"பெட்டு."

தாம்பரத்தில், எங்கள் கல்லூரிக்குப் பின்னால் இருக்கும் புதர்க்காட்டில், மழை விட்ட மறுநாள், முழங்கால் வரை ஈரப் புல்லில் நின்றுகொண்டு ஆளுக்கு ஓர் இலையைக் கிள்ளி மென்றோம். தாவரவியல் முதுகலையில் ஆளுக்கு ஐம்பது செடி சேகரித்து, நியூஸ் பேப்பரில் அழுத்திக் காயவைத்து, அட்டையில் ஒட்டி லேபிள் எழுத வேண்டும். அது எனக்கு முப்பத்தோராவது செடி. ஒரு சாண் உயரம், தரையோடு படர்ந்து நிமிர்ந்த கிளைகள், உளுந்து அளவுக்கு மஞ்சள் பூ, பூவின் நுனியில் பொம்மைச் சீப்பு மாதிரி ஒரு குஞ்சம். பாலிகலா. புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது. வட்டாரப் பெயர் என்ற இடத்தில் நான் யோசிக்காமல் 'சிறியாநங்கை' என்று எழுதியதால்தான் சண்டையே வந்தது. தோழிக்குத் திருநெல்வேலிப் பக்கம். அவள் ஊரில் சிறியாநங்கை என்றால் வேறு செடி, நாக்கில் பட்டால் மூன்று வேளைச் சோறு இறங்காத அளவுக்குக் கசப்பு. நம் பக்கத்தில் அதை நிலவேம்பு என்போம்.

மென்றோம். வெறும் தழை. பச்சைப் புல்லை மென்ற மாதிரி, கடைசியில் ஒரு சின்னத் துவர்ப்பு. அவ்வளவுதான்.

"அட, ஆமா. கசக்கவே இல்ல" என்று அவள் துப்பினாள். "இத யார் மென்னாலும் கசக்காது போல. சரி, நீயே ஜெயிச்ச. டீ வாங்கித் தரேன், வா."

யார் மென்றாலும் கசக்காது. நான் அந்தப் புல்லிலேயே உட்கார்ந்துவிட்டேன். பாண்ட் பூராவும் ஈரம். "என்னடி ஆச்சு, பூச்சி ஏதாவது கடிச்சிடுச்சா?" என்று அவள் பதறிக்கொண்டு என் காலைத் தூக்கிப் பார்த்தாள். பூச்சி கடிக்கவில்லை. எட்டு வருஷமாக நான் நிம்மதியாகச் சாய்ந்துகொண்டிருந்த ஒரு சுவர் அந்த ஒரு வாக்கியத்தில் இடிந்து விழுந்தது. அதைத்தான் இங்கே எழுதப்போகிறேன்.

இருபத்திரண்டு வயசில் நினைவுக் குறிப்பா என்று சிரிக்காதீர்கள். என்னோடு வளர்ந்த உங்களுக்குத்தான் எழுதுகிறேன். கீழ்க்கட்டளை, நன்மங்கலம், மடிப்பாக்கம் என்று வயலைக் கூறுபோட்டு எழும்பிய நகர்களில் முதல் வீடு கட்டிக்கொண்டு வந்தவர்களின் பிள்ளைகள் நாம். நமக்கு வயசு வேறு கணக்கில் ஏறியது. நாம் பார்த்த ஏரி இப்போது இல்லை. நாம் ஓடிய வரப்பு எந்த வீட்டுச் சமையலறைக்கு அடியில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அந்த வகையில் எல்லாருமே கொஞ்சம் கிழவர்கள்தான்.

எண்பதுகளின் நடுவில் ஒரு மழைக்காலம். எனக்கு வயசு பத்து, பதினொன்று. எங்கள் தெருவில் மொத்தம் நாலு வீடு. மற்ற மனையெல்லாம் கல் நட்டு, தண்ணீர் தேங்கி, கோரை முளைத்துக் கிடந்தது. பாம்பு என்றால் அப்படி ஒரு பாம்பு. தண்ணீர்ப் பாம்பு குளியலறைக்கே வரும். சாரை காம்பவுண்டுக் கல்லைச் சுற்றிக்கொண்டு வெயில் காயும். அப்பா ஒரு நாள் மனை விற்ற வயல்காரரிடம் போய்ப் புகார் சொன்னார். அவர் பல் குத்திக்கொண்டே சொன்ன பதில் தெருவில் ரொம்ப நாள் ஓடியது.

"நெலத்ததான் சார் வித்தேன். பாம்ப நான் எங்க சார் கூட்டிகினு போவேன்? அதுங்களுக்கு யாரு பத்திரம் எழுதிக் காட்டுறது?"

அந்த வெள்ளிக்கிழமையே அப்பா பல்லாவரம் சந்தைக்குப் போனார். நானும் சைக்கிள் பாரில். உங்களுக்கு அந்தச் சந்தை வாசனை நினைவிருக்கும்: பழைய இரும்பு, கோழிக்கூண்டு, மண்ணெண்ணெய், பொரித்த போண்டா எல்லாம் ஒரே மூச்சில். கடைசியில், செடி விற்கிறவர்கள் பக்கம், கோணி விரித்து உட்கார்ந்திருந்த ஒருவர் அப்பாவைப் பிடித்துக்கொண்டார்.

"சிறியாநங்கை சாமி. வூட்டச் சுத்தி நட்டு வுட்டா பாம்பு, பூரான், நட்டுவாக்காலி எதுவும் வாசலாண்ட அண்டாது. இத்த மிளகுநங்கைன்னும் சொல்வாங்க. வேர மோந்து பாரு பாப்பா, தைலமாட்டம் இருக்கும்." வேரை நகத்தால் கீறி என் மூக்குக்கு நேரே நீட்டினார். நிஜமாகவே தைல வாசனை. முழங்காலுக்கு அம்மா தேய்க்கும் தைலம். "கடிச்சவனுக்கு இதோட எலைய மெல்லக் குடு. கசந்தா விஷம் இல்ல. கசக்கலன்னா விஷம் ஏறிகீதுன்னு அர்த்தம். தூக்கிகினு ஓடு."

அப்பா ஒரு தொழிற்சாலையில் மெஷின் படம் வரைகிறவர். எதையும் அளந்து, கோடு போட்டுச் செய்வார். முப்பது செடி வாங்கினார். ஸ்கேல் வைத்து முக்கால் அடிக்கு ஒன்றாக இருபதை வேலியோரம் நட்டார். மிச்சம் இருந்ததை மற்ற மூன்று வீடுகளுக்கும் கொண்டுபோய் நீட்டி, சந்தைக்காரர் சொன்னதையெல்லாம் இன்னும் கொஞ்சம் அழகாகச் சொன்னார். எங்கள் அப்பா அவ்வளவு உற்சாகமாக ஒன்றைச் செய்து அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. ஆபீஸ் விட்டு வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் செடிகளைப் போய்ப் பார்ப்பார். எந்தச் செடி எத்தனை இலை விட்டது என்று என்னிடம் கேட்பார். நான்தான் அவருடைய ரிப்போர்ட்டர்.

எதிர் வீட்டு ஹெட்மாஸ்டர் மட்டும் வாங்கிக்கொள்ளவில்லை. அவர் வீட்டுப் பம்புசெட் ஓரத்தில் நிலவேம்பு புதராக வளர்ந்திருந்தது. காய்ச்சலுக்கும் சர்க்கரைக்கும் அதுதான் மருந்து என்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வேலிக்கு வந்து, அப்பாவின் செடியிலிருந்து நாலு இலையைப் பறித்து வாயில் போட்டு மென்றார். தெருவில் எல்லாரும் நின்றிருந்தார்கள்.

"என்ன சார், கசந்தா விஷம் இல்லன்னுதானே சொன்னீங்க? எனக்குக் கசக்கவே இல்லையே! அப்போ என்னைப் பாம்பு கடிச்சிருக்கு. அம்மா, பாய் போடுங்கம்மா, நான் படுத்துக்கறேன்."

எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்துவிட்டாள். அப்பா, "இலை இன்னும் முத்தலை சார். மழை முடியட்டும், கசப்பு ஏறும்" என்றார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் அவர் கழுத்து சிவந்திருந்ததை நான் பார்த்தேன். அன்று அவர் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றவில்லை. நான் ஊற்றினேன். ஊற்றிவிட்டு யாருக்கும் தெரியாமல் ஓர் இலையை மென்று பார்த்தேன். மறுநாளும் மென்று பார்த்தேன். அதற்குப் பிறகு தினமும். கசப்பு ஏறவே இல்லை.

இந்த இடத்தில் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்களுக்குப் பக்கத்து மனையில் வீடு எழும்பிக்கொண்டிருந்தது. சிமெண்ட் மூட்டைக்குக் காவலாக ஒரு கொட்டகை. அதில் கொத்தனார் ஒருவரும், அவருக்குச் சித்தாளாக வேலை செய்யும் அவர் மனைவியும், ஆறு மாசப் பெண் குழந்தையும். சித்தாள் அக்கா என்றுதான் நான் கூப்பிடுவேன். இப்போது கணக்குப் பார்த்தால் அவளுக்கு அன்று என்னுடைய இன்றைய வயசுகூட இருந்திருக்காது.

சாரத்துக்கு நட்ட சவுக்குக் கழி இரண்டுக்கு நடுவே புடவையில் தூளி கட்டியிருப்பாள். சல்லடையில் ஆற்று மணலைச் சலிக்கும்போது அகப்படும் கிளிஞ்சல்களை எனக்காக ஒரு ஓட்டை டால்டா டப்பாவில் போட்டுவைப்பாள். ஸ்கூல் விட்டதும் நான் நேராக அங்கேதான் போவேன். எதைப் பார்த்தாலும் மென்று பார்க்கிற என் பழக்கம் அவளுக்குப் பெரிய வேடிக்கை.

"இன்னா டாக்டரம்மா, இன்னிக்கு எந்தத் தழய மென்ன?"

"புளியாரை. புளிக்குது."

"நாளிக்கு ஆடு கீடு மேய்ச்சினு போறவன் உன்னையும் சேத்து ஓட்டிகினு பூடப்போறான், பாத்துக்க."

குழந்தை அழுதால் சல்லடையைச் சாய்த்து வைத்துவிட்டு மணல் மேட்டிலேயே உட்கார்ந்து பால் கொடுப்பாள். கையில் சிமெண்ட் காய்ந்து வெள்ளை வெள்ளையாக வெடித்திருக்கும். அதனால் குழந்தையைத் தொடாமல், மடியில் மட்டும் கிடத்திக்கொள்வாள். தொட வேண்டும் என்றால் என்னைக் கூப்பிடுவாள். "வாய தொடச்சி வுடு பாப்பா. உன் கை மெத்துன்னு கீது."

அரையாண்டுப் பரீட்சை முடிந்து விடுமுறை விட்டிருந்த ஒரு காலை, ஏழு ஏழரை இருக்கும். மழை நின்று முதல் வெயில். அக்கா செங்கல் அடுக்கைப் பிரித்துக்கொண்டிருந்தாள். திடீரென்று கையை உதறிக்கொண்டு எழுந்தாள்.

"சுருக்குன்னுச்சு. இன்னான்னு பாக்கறதுக்குள்ள உள்ள பூந்துகிச்சு."

சுட்டுவிரலுக்குப் பக்கத்தில் பேனா முனையால் வைத்த மாதிரி இரண்டு புள்ளி. வீக்கம் இல்லை. வலியும் இல்லை என்றாள். கொத்தனார், "பூரானா இருக்கும், சுண்ணாம்பு வை" என்று சொல்லிவிட்டுக் கலவையைப் பார்க்கப் போனார். ஆனால் அப்பா வாயில் பல்பொடியோடு வேலியைத் தாண்டி ஓடிவந்தார். அப்பா மட்டும்தான் ஓடிவந்தார். இதை நீங்கள் மறக்கக் கூடாது.

"பூரான்னு எப்படித் தெரியும்? பாக்கலையே! பாப்பா, ஓடிப்போய் நங்கை இலை நாலு பறிச்சிட்டு வா. கசக்கலைன்னா நான் லீவு போட்டுட்டு இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். கசந்தா பயமில்லை."

ஓடினேன். எங்கள் வேலிக்குப் போய் முதல் செடியில் கை வைத்துவிட்டு நின்றேன்.

அந்த நிற்பு எவ்வளவு நேரம்? மூச்சு இரண்டு விட்டிருப்பேன். அதற்குள் என் மண்டையில் எவ்வளவு வேகமாக, எவ்வளவு ஒழுங்காக எல்லாம் ஓடியது என்பதை நினைத்தால் இப்போதும் பயமாக இருக்கிறது. இந்த இலை யாருக்கும் கசக்காது. அக்காவும் கசக்கவில்லை என்பாள். பூரான் கடிக்கே அப்பா அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவார். அங்கே ஒன்றுமில்லை என்று அனுப்புவார்கள். சாயங்காலம் ஹெட்மாஸ்டர் வேலிக்கு வந்து நிற்பார். எல்லாரும் சிரிப்பார்கள். அப்பாவின் கழுத்து சிவக்கும்.

நல்ல கசப்பு இலையாக இருந்தால்தான் சோதனை சரியாக வரும் என்று எனக்குப் பட்டது. கசப்பில் ராஜா நிலவேம்பு. அதுவே கசக்கவில்லை என்றால் நிஜ விஷம். கசந்தால் நிஜமாகவே பயமில்லை. நான் ஏமாற்றவில்லை, இன்னும் சரியாகச் செய்கிறேன் என்றுதான் நினைத்தேன். தெருவைத் தாண்டினேன். விடுமுறையிலும் ஆபீஸ் வேலை என்று ஹெட்மாஸ்டர் அன்று சீக்கிரமே பள்ளிக்கூடம் போயிருந்தார். பம்புசெட் ஓரத்தில் ஒரு பிடி உருவி, அடையாளம் தெரியாதபடி உள்ளங்கையில் நசுக்கிக்கொண்டு ஓடிவந்தேன்.

"டாக்டரம்மா குடுத்தா மென்னுதானே ஆவணும்" என்று அக்கா வாயில் போட்டுக்கொண்டாள். ஒரு கடி. முகம் அஷ்டகோணலாகப் போனது.

"ஐயோ, இன்னா கசப்பு சார் இது! கொடலே வெளிய வந்துடும் போல கீது!"

"கசக்குதா? நல்லாக் கசக்குதா?"

"தண்ணி குடு பாப்பா, தண்ணி குடு!"

கொத்தனார் சிரித்தார். அம்மா சிரித்தாள். நானும் சிரித்தேன். அப்பா பல்பொடி வாயோடு அப்படிச் சிரித்தார். சிரித்துக்கொண்டே எதிர் வீட்டைத் திரும்பிப் பார்த்தார். "கசப்பு ஏறிடுச்சு பாத்தியா? மழை முடிஞ்சா ஏறும்னு சொன்னேனே. சாயங்காலம் வரட்டும் ஹெட்மாஸ்டர், சொல்றேன்." என் தலையில் கை வைத்து ஒரு ஆட்டு ஆட்டினார். குளித்து, சாப்பிட்டு, சைக்கிளில் ஸ்டேஷனுக்குப் போனார். தெருமுனை வரைக்கும் மணி அடித்துக்கொண்டே போனார்.

ஒன்பது மணிக்கு மேல் அக்கா மணல் மேட்டில் உட்கார்ந்திருந்தாள். இமை இரண்டும் பாதி மூடியிருந்தன.

"தூங்குமூஞ்சி அக்கா!" என்றேன்.

"கண்ணு சொக்கிகினே வருது பாப்பா. ராவுல இவ எங்க தூங்க வுட்டா?"

கொத்தனார் மேலே இருந்து, "மகாராணிக்குத் தூக்கம் வருதாம், மெத்த போடுங்க" என்று கத்தினார். அக்கா சிரிக்கப் பார்த்தாள். ஒரு பக்கம்தான் சிரிப்பு வந்தது. குழந்தை தூளியில் அழ ஆரம்பித்தது. எழுந்தாள், எழ முடியாமல் உட்கார்ந்தாள். நான் குழந்தையை எடுத்துவந்து அவள் மடியில் வைத்தேன். அவள் கை குழந்தையைச் சுற்றி வரவில்லை. பக்கத்தில் மணலில் அப்படியே கிடந்தது. ஏதோ சொன்னாள். நாக்கு தடித்த மாதிரி இருந்தது, எனக்குப் புரியவில்லை. 'புடி' என்று சொன்னாள் என்று நினைக்கிறேன். குழந்தையைப் பிடித்துக்கொண்டேன். அவள் வாயோரம் எச்சில் வழிந்தது. அதை விழுங்க அவளால் முடியவில்லை.

அம்மாவைக் கூப்பிட்டேன். அம்மா வந்து பார்த்துவிட்டு இரண்டு கையாலும் வயிற்றில் அடித்துக்கொண்டாள். "கசந்துச்சேடி! கசந்துச்சேடி!" என்று என்னைப் பார்த்துக் கத்தினாள், ஏதோ நான் மறுத்துப் பேசின மாதிரி.

ஜல்லி இறக்க வந்த லாரியில் ஏற்றினார்கள். பல்லாவரம் ரயில்வே கேட் போட்டிருந்ததாம். ஒரு கூட்ஸ், அதற்குப் பின்னால் ஒரு எலக்ட்ரிக் ட்ரெயின். கேட் திறந்தபோது கொத்தனார் டிரைவரிடம் வண்டியைத் திருப்பச் சொல்லிவிட்டாராம். மதியம் செங்கல் அடுக்கை முழுசாகப் பிரித்தார்கள். அடியில் கருப்பில் வெள்ளைக் கோடு போட்ட கட்டுவிரியன், சுருண்டுகொண்டு, என் மணிக்கட்டு அளவுகூட இல்லாமல்.

குழந்தை அன்று பூராவும் எங்கள் வீட்டில். அம்மா பசும்பாலைத் தண்ணீர் கலந்து பாலாடைச் சங்கில் புகட்டிப் பார்த்தாள். துப்பித் துப்பி அழுதது. நான் அதன் வாயைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். என் விரல் இடுக்கில் நிலவேம்புக் கசப்பு இன்னும் ஒட்டியிருந்திருக்க வேண்டும். ஒவ்வொரு தடவை துடைக்கும்போதும் அது முகத்தைச் சுளித்தது. அதைப் பார்த்ததும் ஓடிப்போய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். போகவில்லை. மறுபடி கழுவினேன்.

அப்பாவுக்குத் தெருமுனையிலேயே சொல்லிவிட்டார்கள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். ஸ்டாண்டு போடாமல் வேலியில் சாய்த்துவிட்டு, இருபது செடியையும் ஒவ்வொன்றாக வேரோடு பிடுங்கினார். வாசல் பூராவும் தைல வாசனை. ஹெட்மாஸ்டர் எதிரே வந்து நின்றார். கிண்டல் எதுவும் இல்லை. "சார், விடுங்க சார்" என்றார். அப்பா கடைசிச் செடியைப் பிடுங்கி முடித்துவிட்டு, "கசக்குதுன்னு சொன்னாளே சார்" என்றார். அவ்வளவுதான். என் முகத்தை அவர் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

குழந்தையைப் பம்மலில் இருந்த அதன் பெரியம்மா வந்து தூக்கிக்கொண்டு போனாள். பக்கத்து வீடு வேறு கொத்தனார் வைத்து முடிந்தது. கிரகப்பிரவேசத்துக்கு எங்களுக்கு லட்டு வந்தது. மணல் மேடு போன இடத்தில் டால்டா டப்பாவைத் தேடினேன், கிடைக்கவில்லை. அடுத்த கோடையில் அப்பா வீட்டைச் சுற்றி ஒரு அங்குல மண் விடாமல் சிமெண்ட் பூசிவிட்டார். பூந்தொட்டிகூட வைக்க விடவில்லை. நான் தாவரவியல் எடுக்கிறேன் என்றபோது படித்துக்கொண்டிருந்த பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "படி. ஆனா எதையும் வீட்டுக்குக் கொண்டு வராதே" என்றார்.

எனக்கு முதல் இரண்டு மூன்று வருஷம் தூக்கம் சரியில்லை. இலையை மாற்றினேன், அதனால்தான் சோதனை தப்பாகிவிட்டது என்று நினைத்தேன். ஒன்பதாவதில் விலங்கியல் டீச்சர் பாம்புப் பாடம் நடத்தினார். கட்டுவிரியன் கடித்தால் வலிக்காது, நரம்பைத்தான் தாக்கும், முதலில் இமைதான் தொங்கும் என்றார். நான் எழுந்து இலையைப் பற்றிக் கேட்டேன். "மூடநம்பிக்கை. விஷம் ஏறினாலும் கசக்குறது கசக்கும். எந்த இலையும் எதையும் சொல்லாது" என்றார். அன்று மதியம் டிபன் டப்பாவைக் காலி செய்தேன். ரொம்ப நாளைக்குப் பிறகு. எந்த இலையும் எதையும் சொல்லாது என்றால் எந்த இலையைக் கொடுத்தால் என்ன? நான் மாற்றியதில் ஒன்றும் இல்லை. அந்தச் சுவரில்தான் அதற்குப் பிறகு சாய்ந்துகொண்டேன்.

புதர்க்காட்டில் தோழி சொன்ன வாக்கியம் அந்தச் சுவரைத்தான் இடித்தது. வேலியோரம் நின்ற அந்த இரண்டு மூச்சில் எனக்கே தெரிந்திருந்ததுதான், பிறகு நான் எடுத்துப் பார்க்காமல் மூடி வைத்தது. யார் மென்றாலும் கசக்காது. கடிபட்டவள் மென்றாலும் கசக்காது, கடிபடாதவள் மென்றாலும் கசக்காது. அன்று எங்கள் வேலியிலிருந்து நாலு இலை பறித்துப் போயிருந்தால் அக்கா மென்று பார்த்து, "ஒண்ணும் கசக்கல சார்" என்றிருப்பாள். அப்பா பல்பொடியைத் துப்பிவிட்டு அவளைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பார். ஏழரை மணிக்கு. அப்பாவின் நம்பிக்கை தப்புதான், சோதனையும் பொய்தான். ஆனால் அந்தப் பொய்ச் சோதனை அந்தக் கசக்காத செடியோடு சேர்ந்து அவளைச் சரியான இடத்துக்கு அனுப்பியிருக்கும். இரண்டுக்கும் நடுவில் புகுந்து திருத்தியது நான்.

செடியைப் பேப்பரில் வைத்துக் கட்டிக்கொண்டு லேபுக்கு வந்தோம். தோழி புத்தகத்தைப் புரட்டி உரக்கப் படித்தாள். "இங்க பாரு, பாலிகலான்னா கிரேக்கத்துல 'நிறையப் பால்'னு அர்த்தமாம். தாய்க்கும் மாட்டுக்கும் பால் சுரக்கும்னு அந்தக் காலத்துல நம்பினாங்களாம். நம்ம ஊருல இருமலுக்கு, காய்ச்சலுக்கு. அப்புறம் பாம்புக்கடிக்கு. எழுதிக்கோ." நான் எழுதவில்லை. பாலாடைப் பாலைத் துப்பிய அந்த வாய்தான் கண்ணில் நின்றது. அந்தக் குழந்தைக்கு இப்போது பன்னிரண்டு வயசு நெருங்கியிருக்கும். அன்றைய என்னைவிடப் பெரியவள்.

மூன்று வாரமாக லேபிளில் 'பயன்' என்ற இடம் காலியாகவே இருக்கிறது. அதைவிடப் பெரிய காலி ஒன்று வீட்டில் உட்கார்ந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா அந்தச் சிமெண்ட் தரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். தன் செடி பொய் சொல்லி ஒருத்தியைக் கொன்றது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். அவர் செடி பொய் சொல்லவில்லை. அதைக் கேட்கவே இல்லை. இதைச் சொன்னால் பதினோரு வருஷத்துப் பாரம் அவரிடமிருந்து இறங்கும். இறங்கி எங்கே வந்து உட்காரும் என்று அவருக்குத் தெரியாமல் போகாது. பெற்ற பெண்ணின் மேல். அதுவும் அவரைப் பார்த்து யாரும் சிரிக்கக் கூடாது என்று செய்த காரியம். எனக்குச் சொல்ல வராதது அந்தக் கடைசி வரிதான். நாலு தடவை அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். "என்னம்மா, காபி வேணுமா?" என்று கேட்டார். "ஆமா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அதனால் வாயால் சொல்லப்போவதில்லை. நாளை மறுநாள் ஞாயிறு. புதர்க்காட்டுச் செடி ஒன்றை வேர்மண்ணோடு பாலிதீன் கவரில் எடுத்து வைத்திருக்கிறேன். அவர் போட்ட தடையை மீறி முதல் தடவையாக வீட்டுக்குக் கொண்டு போகிறேன். ஹெட்மாஸ்டர் வீட்டுப் பம்புசெட் ஓரத்தில் நிலவேம்பு இன்னும் இருக்கிறது. கேட்டுத்தான் பறிப்பேன், இந்தத் தடவை. இரண்டு தட்டு, ஒரு டம்ளர் தண்ணீர். முதலில் நம் வீட்டு இலையைக் கொடுப்பேன். மெல்லுங்கப்பா என்பேன். அவர் அதை ஒரு நாளும் மென்று பார்த்ததில்லை. பிறகு எதிர் வீட்டு இலை. அக்காவின் முகம் போன மாதிரியே அவர் முகமும் போகும். அவர் எதையும் அளந்து, கோடு போட்டுப் பார்க்கிறவர். இரண்டு தட்டுக்கும் நடுவில் கோட்டை அவரே போட்டுக்கொள்வார்.

அப்போது நான் அங்கேயே நிற்க வேண்டும். ஓடக் கூடாது. அதைத்தான் பழகிக்கொண்டிருக்கிறேன்.